இரண்டு கத்திரிக்காய்

தீக்குச்சிக் கால்தான் நன்றாக நிற்கும் என்று
பெட்டியோடு வாங்கி வந்துவிட்டேன்.
ஃபுமியே நிஷிகாவா ஒன்றும் சொல்லவில்லை.
பெட்டியை எடுத்துத் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு
பல்குத்தும் குச்சிகளை என் பக்கம் தள்ளினார்.
அப்போதுதான் உறைத்தது
இந்த மேசைக்கு யார் வரப்போகிறார்கள் என்று.

மேரிஸ்வில். ஜூலை. நிழலிலேயே நூற்று நான்கு டிகிரி.
வடக்கே இன்னொரு மலை எரிகிறது.
கோயில் வாசலில் நிற்கும் கார்களின் மேல்
கோலப்பொடி சிந்தினாற்போல் சாம்பல்.

வெள்ளரிக்காய்க்கு நாலு கால் குத்தினால் குதிரை:
செத்துப்போனவர்கள் அதிலேறி விரைந்து வருவார்கள்.
கத்திரிக்காய்க்கு நாலு கால் குத்தினால் பசு:
அதில் அசைந்து அசைந்து திரும்பிப் போவார்கள்.
இதை எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.
ஆடி அமாவாசைக்கு இலையில் சோறு வைத்துவிட்டு
காக்கை இறங்கும்வரை பசியோடு மேலே பார்த்தவள்தானே நானும்.

போன அக்டோபரில் எரிந்த மலையிலிருந்து
பதினோரு குடும்பங்கள். யாரும் ஜப்பானியர் இல்லை.
ஃபுமியே ஒவ்வொரு வீடாகப் போன் செய்திருந்தார்.
முதல் வருஷத்துக்கு வெள்ளை விளக்காம், படம் எதுவும் இல்லாமல்.
தலைதீபாவளி மாதிரி இது தலை ஓபோன்
என்று மனசுக்குள் ஓடியதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தொண்டர்களுக்குத் தந்த தாளில்
சொல்லக்கூடாதவை என்று ஒரு பத்தி.
'காலம் ஆற்றும்.'
'குறைந்தபட்சம்' என்று தொடங்கும் எதுவும்.
வாரநாட்களில் என் பிழைப்பே குறைந்தபட்சம்தான்.
காப்பீட்டு அலுவலகம். பொருள், வாங்கிய ஆண்டு, தேய்மானம்.
எரிந்த சோபாவுக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று கழிப்பேன்.

வெண்டல் வந்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.
குதிரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது வேண்டாம்."
தாளில் இதற்கு எதுவும் எழுதியிருக்கவில்லை.
இன்னொரு கத்திரிக்காயைத் துடைத்தேன்.
ஒரு கால் கோணலாகப் போயிற்று,
பிடுங்கி மறுபடி குத்தினேன்.

"போனில் கத்தினேன். சீக்கிரம் கிளம்பு, சீக்கிரம்.
கிளம்பிட்டேன், முன்னால் இருக்கிற கார் நகரலை என்றாள்.
நான் மறுபடியும்
சீக்கிரம் என்றேன்."

வர ஒரு பசு. போக ஒரு பசு.
இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தி வைத்தார்.
"பசுவில் ஏறினால் நேரத்துக்கு வந்து சேருவாளா?"
ஃபுமியே சுவரில் தொங்கிய நாட்காட்டியை ஒரு தாள் புரட்டினார்.
"ஜப்பானில் பல ஊர்களில் இது ஆகஸ்டில்தான். நேரம் இருக்கிறது."
வெண்டல் மூக்கால் சிரித்தார். அல்லது அது சிரிப்பில்லை.

ஆற்றில் விளக்கு விட அனுமதி கிடைக்கவில்லை.
டால்பின் படம் போட்ட குழந்தைகளின் நீச்சல் தொட்டி.
நெருப்புக்குத் தடை, அதனால் எல்லாம் பேட்டரி.
'லொரேன்' என்று எழுதும்போது
அவர் கை நடுங்கவில்லை, பேனாதான் காய்ந்திருந்தது.
ரே மட்டும் வேறு மையில்.
மேளம் தொடங்கியது. எல்லோரும் வட்டமாக ஆடினார்கள்.
அவர் ஆடவில்லை. நான் ஆடி முடிக்கும்வரை
என் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒன்பதரைக்கு மேல், கூட்டம் கலைந்தபின்,
விளக்குகளை எடுத்து அணைப்பது என் பொறுப்பு.
மெழுகு என்றால் தானாக முடிந்துவிடும்.
இதற்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச்,
யாராவது அழுத்தியாக வேண்டும்.
அறுபத்து மூன்றில் அறுபத்திரண்டை அணைத்தேன்.
எப்படி என்று கேட்காதீர்கள்.

முன் சீட்டில் நாளிதழ் விரித்து, சொட்டச் சொட்ட வைத்து,
கூச்சத்தோடு சீட் பெல்ட்டும் போட்டேன்.
நெல்வயல்களுக்கு நடுவே, நெடுஞ்சாலை எழுபதில்
இருபது மைல் வேகம்.
பின்னால் ஒருவன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவேயில்லை.
ஜன்னலை இறக்கி, கையை நீட்டி,
நீ போப்பா என்றேன்.